ஓம் என்று சொன்னாராம்

தாதியர் விடுதி
14.10.2023

அன்புள்ள காலிதீன் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சியும் மகள் அஸ்னாவும் நோய் நொடியின்றி இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். உங்கள் காதுக் கருவியைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனால் விசிலடிக்கிறது என்று அஸ்னா சொன்னாள். பரவாயில்லை, எழுதுகிறேன். போனில் நான் "சுகம்தான்" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

இந்த மலையூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து எட்டு வருடமாகிறது. பதிவேட்டில் நான் பதினாலாம் வார்டுத் தாதி. உண்மையில், எந்த வார்டில் ஒருவருக்குச் சிங்களம் விளங்கவில்லையோ அந்த வார்டுத் தாதி. நம் கிழக்குக் கரையிலிருந்து மாற்றி அனுப்பப்படுகிறவர்கள் வருகிறார்கள், தோட்டத்து ஆட்கள் வருகிறார்கள். உடனே "ஸுல்பிகா மிஸ்ஸைக் கூப்பிடு" என்று சத்தம் வரும். கையில் இருக்கும் மருந்துத் தட்டை வைத்துவிட்டு ஓட வேண்டும். திரும்பி வந்தால் என் வார்டில் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள்.

போன கிழமை கல்முனையிலிருந்து ஹவ்வா உம்மா என்று ஒருவர் வந்திருந்தார். எழுபது வயது. மூச்சு வாங்குகிறதா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டிருக்கிறார். ஓம். இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா? ஓம். மருந்துக் குளிசை ஒழுங்காகக் குடித்தீர்களா? ஓம். சிங்களத்தில் ஆம் என்பதற்கு 'ஒவ்' என்பார்கள். நமது ஓம் அவர்கள் காதில் அப்படியே போய் விழுகிறது. நான் போய்த் திரும்பக் கேட்டேன்.

"எங்க மகள், எந்தக் குளிச எண்டே எனக்குத் தெரியாதே."

"அப்ப ஏன் உம்மா ஓம் எண்டீங்க?"

"படிச்ச மனிசன் குனிஞ்சி கேக்கிறாரு. மரியாதையா ஒண்டு சொல்லத்தானே வேணும்?"

டொக்டர்மார் கெட்டவர்கள் இல்லை, காக்கா. அவர்களுக்கும் ஒரு காலையில் நூறு பேர். மொழிபெயர்க்க ஒரு ஆளைப் போடச் சொல்லி மேற்பார்வைத் தாதியிடம் மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். "அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே" என்கிறார்.

முதுகு வலி அப்படியே இருக்கிறது. மச்சிக்கு என் ஸலாம்.

உங்கள் தங்கச்சி
ஸுல்பிகா


சம்மாந்துறை
22.11.2023

அன்புத் தங்கச்சி ஸுல்பிகாவுக்கு,

உன் மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். இங்கு எல்லோரும் நலம். விதைப்பு வேலையில் உடனே பதில் போட முடியவில்லை. நாவிதன்வெளி வயல் வட்டையில் இந்த முறை மழை முந்திவிட்டது.

உன் முதுகுக்கு எண்ணெய் அனுப்ப மச்சி காய்ச்சி வைத்திருக்கிறாள். உன் மாப்பிள்ளை மவுத்தாகி மூன்று வருடமாகிறது, உன் வீடு பூட்டியே கிடக்கிறது. மாற்றல் கேட்டு வந்துவிடு என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

இப்போது ஒரு காரியம். வீரமுனைக் குணத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரன். சண்டைக் காலத்துக்குப் பிறகு இரண்டு ஊராரும் முகம் பார்க்கத் தயங்கிய நாட்களில், தண்ணீர் முறை வைக்க முதலில் கதைத்துக்கொண்டவர்கள் நாங்கள் இருவரும்தான். அவனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வரம்பு வெட்டும்போது இடது காலில் மண்வெட்டி பட்டு, புண் ஆறாமல் கறுத்துவிட்டது. இங்குள்ள டொக்டர் உங்கள் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆள் பயந்துபோய் இருந்தான். "அங்க போய் நான் ஆரோட கதைக்கிற, காக்கா?" என்றான். நான் உன் பெயரைச் சொன்னேன். "தங்கச்சி இரிக்காவா? மறுகா என்ன பயம்" என்றான். அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை வருவான். ஆண்கள் வார்டில் அவன் மனைவியை நிற்க விடமாட்டார்களாம். நீ பார்த்துக்கொள்.

உனக்காகத் துஆச் செய்யும்
காலிதீன்


தாதியர் விடுதி
05.12.2023

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன்.

குணம் அண்ணன் ஒன்பதாம் வார்டில் இருக்கிறார். நேற்றும் இன்றும் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இருக்கிறது. புண்ணைத் திறந்து சுத்தம் செய்யப் போவதாக நேற்றுச் சொன்னார்கள். நாளை மறுநாள், வியாழக்கிழமை, தியேட்டருக்கு எடுக்கிறார்கள். அதற்கு முன் வந்து டொக்டர் சொல்வதைச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பயப்பட வேண்டாம் என்று அவர் வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

நாளை இரவு வேலை. மற்றவை பிறகு.

ஸுல்பிகா


சம்மாந்துறை
09.01.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நீ சுகமா? ஒரு மாதத்துக்கு மேலாக உன் கடிதம் இல்லை. அஸ்னா போன் எடுத்தால் "வேலையாக இருக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாயாம்.

இங்கே வெள்ளம். வட்டை முழுக்க ஒரே தண்ணீர், கதிர் தலை மட்டும் தெரிகிறது. பாதையில் தண்ணீர் வற்றியதும் வீரமுனைக்குப் போய்வந்தேன்.

குணத்துக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை.

புண்ணைச் சுத்தம் செய்வதாக நீ எழுதியிருந்தாய். நான் அதைத்தான் அவன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். இப்போது அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். விஷம் ஏறியிருக்கும், வேறு வழி இருந்திருக்காது. நீ பக்கத்தில் இருந்து எல்லாம் சொல்லித்தானே செய்திருப்பார்கள் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

காலிதீன்


தாதியர் விடுதி
11.02.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளம் வடிந்து பயிர் தப்பியிருக்க அல்லாஹ் உதவி செய்யட்டும். பிந்தியதற்கு மன்னிக்கவும். இங்கே வேலைநிறுத்தம், அதன் பிறகு குவிந்த வேலை.

மருந்து உறைகளில் தமிழிலும் எழுத வேண்டும் என்று திரும்பவும் கேட்டிருக்கிறேன். மூன்று வேளையை மூன்று படமாக வரைந்து கொடுத்தேன், சூரியன், சோற்றுக் கோப்பை, நிலா என்று. மருந்துக்காரப் பெண் அதை ஒட்டி வைத்திருக்கிறாள். இரண்டு கிழமையில் கிழிந்துவிடும், தெரியும். குளிரும் அதிகம். மச்சியின் எண்ணெய் கிடைத்தது, பூசினால் கொஞ்சம் ஆறுதல்.

குணம் அண்ணனின் விஷயம் பெரிய டொக்டர் எடுத்த முடிவு. சீனி கூடினவர்களுக்கு இப்படி நடப்பதுண்டு. அவருக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.

அஸ்னாவின் படிப்பு எப்படிப் போகிறது?

ஸுல்பிகா


சம்மாந்துறை
25.02.2024

தங்கச்சி ஸுல்பிகாவுக்கு,

ஸலாம். அஸ்னா நன்றாகப் படிக்கிறாள். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மருந்து எடுக்கிறேன்.

நேற்றுக் குணத்தின் நெல்லை அறுத்துக் கொடுத்தோம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் வரம்பில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். உன் அனுதாபத்தைச் சொன்னேன். அவன் நெல்லைப் பார்த்தபடியே கதைத்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காலையில ஒரு இளம் டொக்டர் வந்தாரு, காக்கா. காலத் தொட்டுத் தொட்டு என்னமோ சொன்னாரு. கழுவிக் கட்டத்தானே போறாங்க எண்டு ஓம் எண்டன். முழங்காலுக்குக் கீழ கையால ஒரு கோடு போட்டுக் காட்டினாரு. அதுவரைக்கும் பத்துப் போடப்போறாங்களாக்கும் எண்டு நினைச்சன். அதுக்கும் ஓம் எண்டன். பேப்பர நீட்டினாரு, ஒப்பம் வெச்சன்."

"ஸுல்பிகா எங்க நிண்டா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி அந்த நேரம் வரல்ல. வேலையாக்கும்."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். மருந்து உறை இருக்கிறது, குளிர் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. அந்த வியாழக்கிழமை இல்லை.

காலிதீன்


தாதியர் விடுதி
17.03.2024, நோன்பு

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். அழுத்த மருந்தை ஸஹருக்குப் பிறகு எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டீர்களா?

அந்த வியாழக்கிழமையை எழுதுகிறேன்.

புதன் இரவு முழுவதும் வேலை. காலை ஏழு மணிக்கு வரவேண்டிய தாதி வரவில்லை. என் வார்டில் ஒருவருக்கு மூச்சு நின்று, திரும்பி, மறுபடி நின்று, எட்டரைக்கு மவுத்தாகிவிட்டார். தியேட்டருக்குப் பதினொரு மணிக்குத்தான் எடுப்பார்கள் என்று எண்ணினேன். விடுதிக்குப் போய் முகம் கழுவிவிட்டு ஒன்பதாம் வார்டுக்குப் போகலாம் என்று வந்தேன். கட்டிலில் சும்மா சாய்ந்தேன்.

ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது. ஒன்பதாம் வார்டின் இலக்கம். எனக்குக் கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், காக்கா. கேட்டது. கண்ணைத் திறந்து இலக்கத்தைப் பார்த்தேன். என்ன விஷயம் என்றும் தெரியும். இன்று எனக்கு ஓய்வு நாள், ஒரு நாளாவது வேறு யாராவது கதைக்கட்டும் என்று நினைத்தேன். போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மொத்தம் ஏழு தடவை அடித்திருக்கிறது.

மாலை நான்கு மணிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, கட்டு இறுக்கமாக் கிடக்கு. பெருவிரல் உளையிது. கொஞ்சம் இளக்கி விடச் சொல்லுங்க."

அவருக்கு அப்போதும் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். போர்வையைத் தூக்கிப் பார்த்தார். அழவில்லை. "வீட்ட தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

காலை எடுக்க வேண்டியதுதானா என்று அந்த இளம் டொக்டரிடம் கேட்டேன். இரவோடு விஷம் ஏறிவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்றார். அதை நம்புகிறேன். "அவருக்கு விளங்கியதா என்று பார்த்தீர்களா?" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "அவர் ஓம் என்று சொன்னாரே" என்றார்.

குணம் அண்ணனின் மகள் மேனுஜா ஆஸ்பத்திரிக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறாள். அடுத்த மாதம் விசாரணை. தமிழ் தெரிந்த தாதியை அழைத்தும் அவர் வரவில்லை என்று வார்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேற்பார்வைத் தாதி என்னைக் கூப்பிட்டார். "அன்று உங்களுக்கு ஓய்வு நாள். அதை மட்டும் எழுதுங்கள், உங்கள் பெயர் கழன்றுவிடும். மொழிபெயர்ப்பாளர் இல்லை, தமிழ்ப் படிவம் இல்லை என்று எல்லாவற்றையும் இழுத்தால், நீங்கள் கேட்டிருக்கும் மாற்றல் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்" என்றார். ஓம் காக்கா, மாற்றல் கேட்டுவிட்டேன். ஜனவரியில் கேட்டேன். அதையும் சொல்லவில்லை.

நோன்பு திறக்கும்போது எனக்காகக் கேளுங்கள்.

ஸுல்பிகா


சம்மாந்துறை
20.04.2024

தங்கச்சிக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உனக்கு முஸ்கட் இனிப்பு அனுப்பியிருக்கிறோம். என் அழுத்தம் இறங்கிவிட்டது.

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. நான்கு தடவை பதில் எழுதி நான்கையும் கிழித்தேன்.

நீ தூங்கியதற்காக உன்னைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதம் என்னை அந்த வீட்டுக்குப் பொய்யோடு போய்வர விட்டாயே, அதற்குக் கோபம். "வேறு வழி இருந்திருக்காது, என் தங்கச்சி பக்கத்தில் இருந்தாள்" என்று அந்த மனிசியிடம் நான் வாயால் சொன்னேன்.

பெருநாளன்று போய்க் குணத்திடம் உண்மையைச் சொன்னேன். 

"நித்திரை கொண்டதுக்கு ஆரு கோவிக்கிற, காக்கா? அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தங்கச்சிதானா?" என்றான். பிறகு, "எனக்கு ஒரு உதவி செய்யச் சொல்லுங்க. நான் ஒப்பம் வெச்ச பேப்பர்ல என்ன எழுதிக்கிடக்கு எண்டு எனக்குத் தெரியணும்" என்றான்.

மேனுஜா ஆஸ்பத்திரியில் கேட்டு அந்தப் படிவத்தின் போட்டோக் கொப்பியை எடுத்து வைத்திருக்கிறாள். இதோடு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதி அனுப்பு. விசாரணையில் என்ன சொல்வது என்பது உன் பாடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

காலிதீன்


தாதியர் விடுதி
12.05.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முஸ்கட்டை வார்டில் பகிர்ந்து தின்றோம். நீங்கள் சுகமாக இருப்பது கேட்டு நிம்மதி.

விசாரணை முடிந்தது. போன் அடித்ததையும், நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்ததையும் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. ஒன்பதாம் வார்டில் தமிழ்ப் படிவம் தீர்ந்து இரண்டு வருடம் என்றேன். மொழிபெயர்க்க யாரையும் நியமிக்கவில்லை என்றேன். நான் கொடுத்த மூன்று கடிதங்களின் பிரதிகளையும் வைத்தேன். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் வராத நாட்களில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது சேர், அந்த நாட்களில் நான் வருவதில்லையே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

என்னைச் சிறுநீரகக் கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று எழுத்தில் இல்லை. தமிழ் தெரிந்த இரண்டு பணியாளர்களுக்கு முறை போட்டு, காலை எட்டிலிருந்து நான்கு வரை ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். இரவுக்கு யாரும் இல்லை. சம்மதப் படிவத்தைத் தமிழில் புதிதாக எழுதித் தரும்படி என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

குணம் அண்ணனின் சிங்களப் படிவம் தமிழில் இதுதான்:

"நோயாளிக்குச் செய்யப்படவிருக்கும் சத்திரசிகிச்சை: இடது முழங்காலுக்குக் கீழே காலை அகற்றுதல். இதன் தேவையும் ஆபத்துகளும் வேறு வழிகளும் எனக்கு விளங்கும் மொழியில் எனக்கு விளக்கப்பட்டன. கேள்வி கேட்க எனக்குச் சந்தர்ப்பம் தரப்பட்டது. என் சுய விருப்பத்தின் பேரில் இதற்குச் சம்மதிக்கிறேன்."

அதன் கீழே அவர் கையொப்பம். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதியிருக்கிறார்.

ஸுல்பிகா


சம்மாந்துறை
02.06.2024

தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்.

குணத்துக்குப் படித்துக் காட்டினேன். "விளங்கும் மொழியில்" என்ற இடத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு போட்டு வா. வந்தால் வீரமுனைக்கும் போக வேண்டும். நான் கூட வருகிறேன்.

காலிதீன்


தாதியர் விடுதி
27.06.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாக வந்து சேர்ந்தேன். மச்சி கட்டித் தந்த சோறு பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

வீரமுனையிலிருந்து வரும்போது நான் ஏன் ஒன்றும் கதைக்கவில்லை என்று கேட்டீர்கள். நீங்களும் குணம் அண்ணனும் முற்றத்தில் சிறுபோகத் தண்ணீரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி, அந்த அக்கா, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். அடுப்பில் கேத்தல் இருந்தது. என்னை ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இருபத்தெட்டு வருசம் வயலால வந்து அந்தக் கால இந்த வாசல்லதான் கழுவுவாரு" என்றார். "ஒண்டு கேக்கணும் உங்களிட்ட. இவர்ட்டக் கேக்க ஏலாது. வெட்டின கால என்ன செஞ்சாங்க?"

காக்கா, நான் உங்களுக்கு அனுப்பிய தமிழில் ஒரு வரி குறைவு. படிவத்தில் கடைசியில் இருந்தது. அகற்றப்படும் உறுப்பை ஆஸ்பத்திரி வழக்கப்படி அழிக்கவும் சம்மதிக்கிறேன் என்ற வரி. குணம் அண்ணன் அதைக் கேட்க வேண்டாம் என்று நானாகவே முடிவு செய்து விட்டுவிட்டேன். பாவம் பார்த்துத்தான் விட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். அன்றைக்கு ஒன்பதாம் வார்டில் அவருக்குச் சொல்லாமல் விட்டவர்களும் இப்படித்தான் ஏதாவது நினைத்திருப்பார்கள்.

அக்காவுக்கு அந்த வரியைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அப்படியானவற்றை எரித்துவிடுவார்கள் என்றும், கேட்டிருந்தால் வீட்டாரிடம் கொடுத்திருப்பார்கள் என்றும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் கேத்தலை இறக்கி வைத்தார். 

"புதைக்கிறதோ எரிக்கிறதோ, மிஸ், நாங்க ஆக்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்யிற" என்றார்.

பிறகு எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். சீனி போடவா என்று கேட்டார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வந்ததும் அந்த வரியைத் தமிழ்ப் படிவத்தில் சேர்த்தேன். "உறுப்பைத் திரும்பப் பெற விரும்பினால் இப்போதே சொல்லவும்" என்று இன்னொரு வரியும் எழுதினேன். அது சிங்களத்தில் இல்லையே என்றார்கள். அப்படியானால் அதிலும் சேருங்கள் என்றேன். பணிப்பாளர் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

என் மாற்றல் கடிதம் வந்திருக்கிறது, ஓகஸ்ட் முதலாம் திகதி என்று. ஆறு மாதம் பிற்போடும்படி எழுதிக் கொடுத்தேன். மேசையில் இருக்கும் இரண்டு பேருக்கும் இன்னும் பழகவில்லை, இரவுக்கு ஆளும் இல்லை. கோபிக்காதீர்கள். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்த முறை நீங்கள் வீரமுனைக்குப் போகும்போது குணம் அண்ணனிடம் அந்த வரியைச் சொல்லிவிடுங்கள். அக்கா சொல்லியிருக்க மாட்டார். அவருடைய காலைப் பற்றியது, அவருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் அழுத்தத்தை மாதம் ஒரு முறை பாருங்கள்.

ஸுல்பிகா